அண்ணன் என்றொரு கிளாஸ்

புதன்கிழமை சாயங்காலத்திலிருந்து மேரிசெல்வி தன் அண்ணனோடு பேசவில்லை.

அந்த வீட்டில் பேசாமல் இருப்பது லேசான காரியமில்லை. ஒரே ஒரு அறை, ஒட்டினாற்போல் சமையல்கட்டு, முன்னால் தகரம் போட்ட சார்ப்பு, அவ்வளவுதான். அண்ணன் அந்தோணிராஜ் மரக்காணம் உப்பளத்திலிருந்து மூட்டை ஏற்றிப்போகும் குட்டி யானை வண்டி ஓட்டுகிறவன். அவன் வருவது தெருமுனையிலேயே அவளுக்குத் தெரிந்துவிடும். வண்டி நிற்கும். கதவைச் சாத்துவான், அது ஒரு தடவையில் சாத்தாது, மறுபடி அறைவான். பிறகு வாசலில் நின்று சட்டையை உதறுவான், உப்பு பொலபொலவென்று தரையில் கொட்டும். இதையெல்லாம் காதில் வாங்கிக்கொண்டே, யாரும் வராதது மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

அம்மா சவரியம்மாள்தான் நடுவில் கிடந்து அல்லாடினாள்.

“சார்ஜர் எங்க இருக்குதுன்னு உங்கண்ணன் கேக்குறான்டி.”

“ஃபேன் சுவிட்சுக்குக் கீழ மாட்டியிருக்குதுன்னு சொல்லும்மா.”

“ஏன், அவன் காதுல உழலையா? நான் இன்னா உங்க ரெண்டு பேருக்கும் போஸ்ட்டுமேனா?” என்று கத்திவிட்டு, திரும்பி மகனைப் பார்த்து, “சுவிட்சுக்குக் கீழ இருக்குதாம்டா” என்றும் சொல்வாள்.

மேரிசெல்விக்குப் பார்வை போனது ஒரே நாளில் இல்லை. பத்தாவது படிக்கும்போது கரும்பலகையின் ஓரங்கள் மங்கின. பிறகு நடுவும் மங்கியது. புதுச்சேரி, சென்னை என்று ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்ததில், விழித்திரையில் கோளாறு, இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள். அப்பா அதற்கு முன்பே தவறியிருந்தார். பஸ்ஸில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு போனதும், டாக்டர் சொன்னதைக் கேட்டுவிட்டு வெளியே வந்து ஒரு வார்த்தையும் பேசாமல் அவளுக்கு ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்ததும் அண்ணன்தான். அன்று பிடித்த கையை அவன் அதற்குப் பிறகு விடவே இல்லை. அவர்களுக்குள் இருந்த பாசமும் அதுதான், தகராறும் அதுதான்.

திரையில் இருப்பதையெல்லாம் படித்துச் சொல்லும் குரல் ஒன்று உண்டு என்று தெரிந்த பிறகு மேரிசெல்விக்கு ஒரு வாசல் திறந்தது. முதலில் போனில் பழகினாள். பிறகு ஒரு பழைய லேப்டாப்பில். அந்தக் குரல் ஓர் ஆணுடையது, இங்கிலீஷ்காரன் பேச்சு. சவரியம்மாள் அதற்கு ‘தொரை’ என்று பேர் வைத்தாள். “தொரை இன்னைக்கு இன்னா இந்தக் கத்து கத்துறாரு?” என்று கேட்டுக்கொண்டேதான் மீன் ஆய்வாள். தொரையின் துணையில் மேரிசெல்வி தபால் வழியில் பி.ஏ. முடித்தாள். இந்த வருஷம் புதுச்சேரியில் ஒரு பயிற்சி நிலையத்தில் ஜாவா வகுப்பில் சேர்ந்தாள். தினமும் காலையில் அண்ணன் பஸ் ஏற்றிவிடுவான். மத்தியானம் தவறாமல் போன் பண்ணுவான். மூன்றே வார்த்தை. “சாப்ட்டியா? சரி, வெச்சிடறேன்.” அவள் பதில் சொல்வதற்குள் வைத்தும் விடுவான்.

புதன்கிழமை வகுப்பு முடிந்ததும் சிவப்பிரகாசம் சார் அவளை மட்டும் இருக்கச் சொன்னார். அவர் நல்ல மனிதர். வயது அதிகமில்லை. அவளுக்கு முன்னால் “போர்டைப் பாருங்க” என்று சொல்லிவிட்டு ஒவ்வொரு தடவையும் நாக்கைக் கடித்துக்கொள்வார்.

“அந்த முதல் ப்ரோக்ராம் இருக்குது பாருங்க, திங்கக்கிழமை எல்லாரும் எழுதிட்டு வரணும்னு சொன்னேனே. உங்களுக்குக் கஷ்டமா இருந்தா வேணாம்மா. முடிச்ச மாதிரி நானே போட்டுடறேன்.”

“எனக்கு மட்டும் ஏன் சார்?”

அவர் தயங்கினார். மறைக்கத் தெரியாதவர். “உங்க அண்ணன் நேத்து வந்திருந்தாரு. வராததைப் போட்டு வருத்திக்குவா, கொஞ்சம் பாத்துக்குங்கன்னு…”

அன்று பஸ்ஸில் வரும்போது கோட்டக்குப்பம் தாண்டியதோ, மற்ற ஊர்கள் வந்ததோ எதுவும் அவள் காதில் விழவில்லை. மரக்காணத்தில் இறங்கி அண்ணன் வண்டியில் ஏறினதும் ஆரம்பித்தாள்.

“நான் இன்னா கைக்கொழந்தையா? எனக்குத் தெரியாம போயி எனக்காகக் கெஞ்சிட்டு வந்திருக்கற.”

“கெஞ்சலாம் இல்ல. சும்மா சொல்லிட்டு வந்தேன். பி.ஏ.வுல ஒரு பேப்பர் போனப்ப சோறு தண்ணி இல்லாம கெடந்த இல்ல, அதான்.”

“பெயிலானா அழுவேன். அழறதுகூட என் இஷ்டத்துக்கு அழக்கூடாதா ண்ணா?”

வண்டி எஞ்சினை அணைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தான். அன்றிலிருந்து பேச்சு நின்றது.

மறுநாளே சாரிடம் போய், “நானே எழுதறேன் சார், திங்கக்கிழமை எல்லார் மாதிரியும் கொண்டாரேன்” என்று சொல்லிவிட்டாள்.

சார் சொன்ன வேலை சின்னது. தெரிந்த எதையாவது வைத்து ஒரு கிளாஸ் எழுத வேண்டும். அதிலிருந்து ஒரு ஆப்ஜெக்ட் உண்டாக்க வேண்டும். அது ஒரு வரி பேச வேண்டும். கிளாஸ் என்பது வெறும் சொல்லி வைப்பது, இது இப்படி இருக்கும், இதனிடம் இன்னின்னது இருக்கும் என்று. ‘நியூ’ என்று ஒரு வார்த்தை போட்டுக் கூப்பிட்டால்தான் நிஜமாக ஒன்று எழுந்து வரும், அதுதான் ஆப்ஜெக்ட். வகுப்பில் மற்றவர்கள் கார், ஸ்டூடண்ட், பேங்க் என்று எடுத்துக்கொண்டார்கள். மேரிசெல்வி முதலில் ‘மனுஷன்’ என்று ஒரு கிளாஸ் ஆரம்பித்தாள். இங்கிலீஷ் எழுத்தில் தமிழ்ப் பேர். வியாழன், வெள்ளி போலவே சனிக்கிழமை மத்தியானமும் போன் வரவில்லை. அதாவது, வீட்டிலேயே இருந்தாள், போன் வரவேண்டிய அவசியமில்லை. இருந்தாலும் அந்த நேரம் வெறிச்சென்று போனது. அப்போதுதான் ‘மனுஷன்’ என்ற வரியை அழித்துவிட்டு ‘அண்ணன்’ என்று அடித்தாள். மற்ற வரிகளையும் அதற்கேற்ப மாற்றினாள். முடித்துவிட்டு ஓட விட்டாள்.

ஓடவில்லை.

தொரை ஒரு வரி சொன்னார். முதல் வரியில் எரர், எக்ஸ்பெக்டட். அவ்வளவுதான். ஏதோ ஒன்று இருக்க வேண்டுமாம், இல்லையாம். எது என்று சொல்லவில்லை. மறுபடி ஓட விட்டாள். மறுபடியும் அதே. முதல் வரிக்குப் போய்ப் படிக்கச் சொன்னாள். ‘கிளாஸ் அண்ணன்’ என்றார் தொரை, சுத்தமாக. எழுத்தெழுத்தாகப் பேரைச் சோதித்தாள். ஒரு எழுத்தும் பிசகவில்லை. பேரை அழித்துவிட்டு மறுபடி அடித்தாள். எரர், எக்ஸ்பெக்டட்.

“எக்ஸ்பெக்டட்னா இன்னாத்தடா எக்ஸ்பெக்ட் பண்ற? வாயத் தொறந்து சொல்லித் தொலையேன்” என்று லேப்டாப்பிடம் கேட்டாள். சவரியம்மாள் சமையல்கட்டிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, ‘பாவம் தொரை’ என்று முனகிக்கொண்டு போனாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் மறுபடி உட்கார்ந்தாள். சவரியம்மாள் கோயிலிலிருந்தே ஒரு துக்க வீட்டுக்குப் போய்விட்டாள். வீட்டில் அண்ணனும் தங்கையும் மட்டும்தான். அவன் சார்ப்பில் உட்கார்ந்து வண்டிக்கு ஏதோ ஒயர் முறுக்கிக்கொண்டிருந்தான். வெயில் தகரத்தை டப்டப்பென்று நெளிய வைத்தது. மேரிசெல்வி ஓட விட்டாள். எரர், எக்ஸ்பெக்டட். சாருக்குப் போன் போடலாம். போட்டால் அவர் ரொம்ப நல்ல குரலில், ‘பரவாயில்லம்மா, விட்டுடுங்க’ என்பார். அதைக் கேட்க அவளுக்குத் தெம்பில்லை. திரையை ஒருத்தர் கண்ணால் பார்த்துச் சொன்னால் போதும். அம்மாவுக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியாது. பக்கத்து வீட்டில் ஆள் இல்லை.

கடைசியில் காற்றைப் பார்த்துச் சொல்வதுபோல் சொன்னாள்.

“ஒருத்தர் வந்து இதுல இருக்கறத அப்டியே படிச்சா நல்லா இருக்கும்.”

ஒயர் முறுக்குகிற சத்தம் நின்றது.

“எந்த ஒருத்தரு?”

“இங்கிலீஷ் எழுத்து தெரிஞ்ச எவரா இருந்தாலும் சரி.”

அவன் எழுந்து வந்தான். கையைக் கழுவிக்கொண்டு, கைலியில் துடைத்துக்கொண்டு, அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். அவன் மேல் எப்போதும் உப்பும் டீசலும் கலந்து அடிக்கும். நாலு நாளாக அந்த வாசனை இவ்வளவு பக்கத்தில் வரவில்லை.

“ஒண்ணு சொல்லிடறேன்” என்றாள். “எதையும் வுடாம படிக்கணும். இது தேவையில்ல, இது சும்மான்னு நீயா முடிவு பண்ணக்கூடாது. எழுத்தில்லாம வேற ஏதாச்சும் கோடு, புள்ளி இருந்தாக்கூட சொல்லணும்.”

“சரி. மொதல் வரி. சி, எல், ஏ, எஸ், எஸ். அப்புறம் எடம் வுட்டு, ஏ, என், என், ஏ, என்.” நிறுத்தினான். மறுபடி வாய்க்குள் சேர்த்துப் பார்த்தான். “அண்ணன்னா எழுதியிருக்கற?”

“படி.”

“ரெண்டாவது வரி. ஸ்ட்ரிங். கே, ஈ, எல், வி, ஐ. கேள்வி. அப்புறம் ரெண்டு கோடு, ஒண்ணு மேல ஒண்ணு. அப்புறம் மேல ரெண்டு சின்னக் கொசுவு மாதிரி. எஸ், ஏ, ஏ, பி, டி, ஐ…” குரல் தேய்ந்தது. “சாப்ட்டியா.”

காது சூடாவது மேரிசெல்விக்கே தெரிந்தது.

“சாப்ட்டியா, சரி வெச்சிடறேன்னு இருக்குது செல்வி.”

“கொசு முடிஞ்சுதா? அதுக்கப்புறம் இன்னா இருக்குது?”

“கொசுவு இருக்குது. அப்புறம் ஒரு புள்ளி, அதுக்குக் கீழ வாலு மாதிரி ஒண்ணு.” அடுத்த வரிக்குப் போனான். “மூணாவது வரி. பூலியனோ இன்னாவோ. கே, ஓ, வி, ஏ, எம். கோவம். ரெண்டு கோடு. ட்ரூ. புள்ளி, வாலு.” லேப்டாப்பிலிருந்து அவள் பக்கம் திரும்பினான். “கோவம் ட்ரூன்னா, யாருக்குக் கோவம்?”

“அண்ணனுக்கு. அவன் கிளாஸ்ல தான இருக்குது.”

“எனக்கா? எனக்கு எங்கடி கோவம்? நீ தான மூஞ்சியத் திருப்பிக்கினு கெடக்கற.”

“நாலு நாளா நீயும்தான் பேசல.”

“பேசினா நீ இன்னும் கத்துவியோன்னு பேசல.” அவன் குரல் தாழ்ந்தது. “அந்த வாத்தியாராண்ட நான் போயிருக்கக்கூடாது. ஒத்துக்கறேன். அன்னைக்கு ஆஸ்பத்திரி வாசல்ல நீ கேட்ட பாரு, இனிமே நான் புக்கு படிக்க முடியாதா ண்ணான்னு. அதுக்கு எனக்குப் பதில் சொல்ல வரல. இன்னொருக்கா உங்கிட்டேர்ந்து அப்டி ஒரு கேள்வி வந்துடக்கூடாதுன்னு ஓடிக்கினே இருக்கறேன், வேற ஒண்ணுமில்ல.”

மேரிசெல்வி கையை நீட்டினாள். அவன் தோள் கிடைத்தது. சட்டை இல்லை, வேர்வை. அவள் தோளை லேசாகக் குத்தினாள்.

“அதுக்குப் பதில் நானே கண்டுபுடிச்சிக்கினேன் ண்ணா. நீ சொல்ல வேணாம். இப்ப மேல படி.”

அவன் படித்தான். அடுத்த வரியில் ஒரு சின்னம் மட்டும் இருந்தது. இன்னதென்று சொல்லத் தெரியாமல் திணறினான். “மீசை மாதிரி இருக்குது. நம்ம தங்கராசு மாமா மீசையத் திருப்பி நிக்க வெச்சா எப்டி இருக்கும், அந்த மாதிரி. மூக்கு நீட்டிக்கினு இருக்குது.”

மேரிசெல்விக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “மூக்கு எந்தப் பக்கம்?”

“வலது பக்கம்.”

“அது மூடற மீசை. மேல போ. அதுக்குத் தொறக்கற மீசை ஒண்ணு இருக்கணும், மூக்கு இடது பக்கம். மொதல் வரிக் கடைசியில பாரு.”

“மொதல் வரிக் கடைசியில ஒண்ணுமில்ல. அண்ணனோட சரி.”

“நல்லாப் பாரு ண்ணா.”

“கண்ணு எனக்கு நல்லாத்தான் இருக்குது” என்று சொல்லிவிட்டு அவன் சட்டென்று நிறுத்திக்கொண்டான். மேரிசெல்வி அதைக் கண்டுகொள்ளவே இல்லை. அவள் மனசு வேறெங்கோ ஓடிக்கொண்டிருந்தது. ‘மனுஷன்’ என்பதை அழித்தபோது வரியின் கடைசி வரை அழித்திருக்கிறாள். அந்தத் திறக்கிற மீசை, அடைப்புக்குறி, அதுவும் சேர்ந்து போயிருக்கிறது. பேரை மட்டும் திரும்ப அடித்திருக்கிறாள். அதற்குப் பிறகு எத்தனை தடவை கேட்டாலும் தொரை ‘கிளாஸ் அண்ணன்’ என்றுதான் சொன்னார். அடைப்பு இருந்தபோதும் ‘கிளாஸ் மனுஷன்’ என்று பேரோடுதான் நிறுத்தினார். இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே சத்தம்.

“அந்த எரர் வருது பாரு, அதப் படி” என்றாள் அவசரமாக.

“எரர். அப்புறம் ஒத்தக் கொசுவு, நடுவுல அந்த மீசை, இன்னொரு கொசுவு, அப்புறம் எக்ஸ்பெக்டட்.”

“மீசை எக்ஸ்பெக்டட்!” மேரிசெல்வி தொடையில் தட்டினாள். “ஜாவாக்காரன் சரியாத்தான் சொல்லியிருக்கறான். இந்தத் தொரைதான் நடுவுல அத முழுங்கிட்டு மீதிய மட்டும் எங்கிட்ட சொல்லியிருக்கறாரு.”

“ஏன் முழுங்கணும்?”

அவள் ஏற்கெனவே செட்டிங்ஸில் இறங்கியிருந்தாள். தொரை வேகவேகமாக ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனார். குறிகளை எவ்வளவு படிக்க வேண்டும் என்று ஒரு இடம் இருந்தது. ‘சில’ என்று இருந்தது. யாரும் வைத்ததில்லை, வரும்போதே அப்படித்தான் வந்திருக்கிறது. புள்ளி, அடைப்பு, கோடு என்று எல்லாவற்றையும் படித்தால் கேட்கிறவருக்குத் தொந்தரவாக இருக்கும் என்று யாரோ எங்கோ உட்கார்ந்து நினைத்திருக்கிறார்கள்.

மேரிசெல்வி அண்ணன் பக்கம் முகத்தைத் திருப்பினாள். “இதுவும் உன்ன மாதிரியே தான் ண்ணா. எனக்குக் கஷ்டமா இருக்கும்னு அதுவா நெனச்சிக்கினு, பாதிய சொல்லாம வுட்டுடுது.”

அவன் கொஞ்சம் கொஞ்சமாகச் சிரிக்க ஆரம்பித்தான். அவன் சிரித்தால் முதலில் மூக்கில்தான் சத்தம் வரும். “எனக்கு ஒரு கூட்டாளி இருக்கறான்னு சொல்லு. அதுவும் வெள்ளைக்காரன்.”

‘சில’ என்பதை ‘எல்லாம்’ என்று மாற்றினாள். முதல் வரிக் கடைசிக்குப் போய் அடைப்பை அடித்தாள். மேலே போய் முழுசாகப் படிக்கச் சொன்னாள். தொரை மூச்சு விடாமல் பொழிந்தார். லெஃப்ட் பிரேஸ், ஈக்வல்ஸ், க்வோட், க்வோட், செமி, ரைட் பிரேஸ். சந்தைக்கடை மாதிரி இருந்தது. அந்தோணிராஜ் காதைப் பொத்திக்கொண்டான். “இவ்ளோ கத்தறானே, தலவலிக்காதா உனக்கு?”

“வலிச்சா சொல்றேன்.”

ஓட விட்டாள்.

ஒரு நொடி ஒன்றும் வரவில்லை. பிறகு தொரை தன் இங்கிலீஷ்கார நாக்கைச் சுழற்றிச் சொன்னார். “சாப்டய்யா. கொஸ்சின். சரை. வெக்கிட்ரென்.”

மேரிசெல்வி மறுபடி ஓட விட்டாள். மறுபடியும் ஒரு தடவை. அவள் அடித்த வார்த்தைகள் எங்கோ உள்ளே போய், ஒரு ஆளாக எழுந்து, வாயைத் திறந்து பேசுகின்றன. இதைச் செய்தது தான்தான் என்று நம்புவதற்கு அவளுக்கு அத்தனை தடவை தேவைப்பட்டது.

“நான் இப்டியாடி பேசறேன்?” என்றான் அவன். குரல் ஒரு மாதிரியாக இருந்தது. முகத்தைத் தோளில் துடைத்துக்கொள்கிற சத்தம் கேட்டது.

“ஆமா. சொல்லிட்டு டக்குனு வெச்சிடுவ.”

“அந்த நியூன்னு ஒரு வரியில இருந்துதே, அது இன்னாது?”

“அது போட்டாதான் அண்ணன் உண்டாவான். அதுக்கு மின்னாடி வெறும் பேச்சு.”

“அப்ப எத்தன தடவ வேணாலும் நியூ போடலாமா? எத்தன அண்ணன் வேணாலும் வருவானா?”

“வருவான். இருக்கற ஒருத்தனயே தாங்க முடியல.”

அவன் அவள் தலையில் ஒரு தட்டுத் தட்டினான். எழுந்து சமையல்கட்டுக்குப் போனவன் அங்கிருந்தே கேட்டான். “அந்தக் கோவம் ட்ரூவ மாத்திடேன். வாத்தியாரு பாத்தா இன்னா நெனப்பாரு?”

“அது இன்னும் கொஞ்ச நாளு அப்டியே இருக்கட்டும்” என்றாள் மேரிசெல்வி.

துக்க வீட்டிலிருந்து திரும்பிய சவரியம்மாள், இரண்டு பேரும் ஒரே தட்டில் சுண்ணாம்புக் காரல் மீன் வறுவலைப் பிய்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. வாசலிலேயே காலைக் கழுவிக்கொண்டு, “மாதாவே” என்று மட்டும் சொல்லிக்கொண்டு உள்ளே போனாள்.

திங்கட்கிழமை சிவப்பிரகாசம் சார் ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வந்தார். மேரிசெல்வியிடம் வந்ததும் வழக்கம்போல் குரலை மெத்தென்று ஆக்கிக்கொண்டார். ஓட விடச் சொன்னார். தொரை பேசினார். பக்கத்தில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். சாரும் சிரித்தார். பிறகு குனிந்து வரி வரியாகப் பார்த்தார். மேரிசெல்வி நாற்காலி விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“நல்லா இருக்குதும்மா” என்றவர், நிறுத்தினார். அந்த இடைவெளியில் அவர் ஏதோ ஒன்றை முடிவு செய்வது அவளுக்குத் தெரிந்தது. மறுபடி பேசியபோது குரலில் அந்த மெத்தென்ற தன்மை இல்லை. மற்றவர்களிடம் பேசுவாரே, அந்தக் குரல். “ஆனா இது சரியில்ல. அண்ணன் கிளாஸ்ல கேள்வியை மட்டும் வெச்சிருக்கற. அத எடுத்துப் பேசற வேலைய வெளியில மெயின்ல, ப்ரோக்ராம் ஆரம்பிக்கற எடத்துல, உக்காந்து நீ பாக்கற. அவரு பேசறத நீ ஏன் பேசற? அவரையே பேச வைக்கணும். அவரு செய்யற வேலைய உள்ளயே ஒரு மெத்தடா எழுது. நாளைக்குத் திரும்பக் கொண்டா.”

‘வாங்க போங்க’ போய் ‘எழுது, கொண்டா’ வந்துவிட்டது. அடுத்த பெண்ணிடம் போய், இதைவிட அதிகமாகத் திட்டினார்.

சாயங்காலம் மரக்காணத்தில் பஸ் நின்றதும் அந்தோணிராஜ் படிக்கட்டுக்குக் கீழே காத்திருந்தான். கையை நீட்டவில்லை. அவளே படிக் கம்பியைப் பிடித்து இறங்கி, அவன் முழங்கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள்.

“இன்னா சொன்னாரு?”

“தப்புன்னாரு.” அவள் முகமெல்லாம் பல்லாக இருந்தது. “திரும்ப எழுதிக்கினு வரச் சொல்லிட்டாரு ண்ணா. நாளைக்கே.”

அவன் நின்றுவிட்டான். “அவ்ளோ கஷ்டப்பட்டு எழுதினதயா? நான் வேணா வாத்தியாராண்ட…”

பக்கத்தில் ஒரு லாரி ஆரன் அடித்துக்கொண்டு போனது. அது போய் முடிகிற வரைக்கும் அவன் பேசவில்லை. மேரிசெல்வி காத்திருந்தாள்.

“சரி” என்றான். “எழுது.”

இரண்டு பேரும் வண்டியை நோக்கி நடந்தார்கள். உள்ளே ஒரு மெத்தட் எழுத வேண்டும். பேர் என்ன வைப்பது என்று யோசித்துக்கொண்டே வந்தாள். ‘பேசு’ என்று வைக்கலாம். அடைப்பைத் திறந்தால் மறக்காமல் மூட வேண்டும்.